வடசேரி, தென்சேரி: கணினி அறையில் பிடிபட்ட ஒரு விளையாட்டு



கொஞ்சம் நீண்ட பதிவு. வளர்ந்த பிள்ளைகள் இருக்கிற வீட்டார் நேரம் எடுத்து வாசியுங்கள். முடிவில் ஒரு கேள்வியும் ஒரு சின்ன உதவியும் கேட்டிருக்கிறோம்.

போன தவணைப் பரீட்சை முடிந்த கிழமை அது. விடைத்தாள் திருத்திக்கொண்டு ஆசிரியர் அறையில் இருந்தோம். ஐ.சி.டி. டீச்சர் வாசலில் நின்று, "சேர், ஒருக்கா லேப்புக்கு வந்து பாருங்க" என்றா. முகம் சரியில்லை. எழும்பிப் போனோம்.

லேப்பில் பத்துக் கணினி. எட்டுத்தான் வேலை செய்யும். அந்த எட்டுக்கு முன்னாலும் தரம் 10, தரம் 11 பெடியன்கள். ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றி மேசையில் சுருட்டி வைத்திருந்தார்கள். அறையில் மவுஸ் சத்தம் மட்டும். எங்களைக் கண்டதும் எல்லோரும் எழும்பினார்கள். ஒருத்தன் அவசரத்தில் மொனிட்டரை நிறுத்தினான். நிறுத்தினது அவனுடையது இல்லை, பக்கத்தில் இருந்தவனுடையது.

திட்டத்தான் வாய் எடுத்தோம். ஆனால் அந்தத் திரையில் தெரிந்த மஞ்சள் சுவரும், மரப்பெட்டிகளும், வளைவு வாசலும் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம். அந்தப் பெட்டிக்குப் பின்னால் நாங்களே எத்தனையோ இரவு ஒளிந்து நின்றிருக்கிறோம். 'டஸ்ட் டூ' என்று பெயர். விளையாட்டு கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6.

தெரியாத பெற்றோருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். இது துப்பாக்கி விளையாட்டு. விளையாடுகிறவன் கண்ணால் பார்க்கிற மாதிரியே திரை இருக்கும், கையில் துவக்கு தெரியும். ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் மறுபக்கம். ஒரு பக்கம் குண்டை வைக்க வேண்டும், மற்றப் பக்கம் அதைத் தடுக்க வேண்டும், வைத்துவிட்டால் செயலிழக்கச் செய்ய வேண்டும். 1999இல், கனடாவில் படித்துக்கொண்டிருந்த வியட்நாமிய வம்சாவளி மாணவர் மின் லேயும் அமெரிக்காவில் இருந்த ஜெஸ் கிளிஃப்பும் 'ஹாஃப் லைஃப்' என்ற வேறொரு விளையாட்டின் மேல் இதைக் கட்டி இலவசமாக விட்டார்கள். பிறகு வால்வ் என்ற நிறுவனம் வாங்கி 2000இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1.6 என்ற பதிப்பு 2003இல் வந்தது. இப்போது லேப்பில் இருக்கிற பெடியன்கள் அப்போது பிறக்கவே இல்லை.

நாங்கள் கல்வியியற் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி எடுத்த காலம். விடுதி அறையில் நாலு பேர். ஒருவர் மூதூர், ஒருவர் காத்தான்குடி, ஒருவர் ஏறாவூர், ஒருவர் களுவாஞ்சிக்குடிப் பக்கம். இரண்டு பழைய லெப்டொப், ஒரு நெட்வேர்க் கேபிள். பாடக்குறிப்பு எழுதி முடித்து, இஷா தொழுது, சாப்பிட்ட பிறகு அரை மணித்தியாலம் என்று தொடங்கி, சுபஹுக்கு எழும்ப முடியாமல் போன நாட்களும் உண்டு. மறைத்து என்ன. விளையாட்டில் இரண்டு பக்கத்துக்கும் பெயர் உண்டு. ஒன்று டெரரிஸ்ட், மற்றது கவுன்டர் டெரரிஸ்ட். அப்போது நாங்கள் நாலு பேருமே டெரரிஸ்ட் பக்கம் போகத்தான் சண்டை பிடிப்போம். ஏ.கே. 47 அந்தப் பக்கத்துக்குத்தான் விற்பார்கள், விலையும் குறைவு. வென்றால் ஒரு குரல் "டெரரிஸ்ட்ஸ் வின்" என்று சொல்லும். விழுந்து விழுந்து சிரிப்போம். அந்தச் சொல்லுக்கு அப்போது எங்களிடம் வேறு அர்த்தம் இருக்கவில்லை. இருந்தாலும், யோசிக்கவில்லை.

2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்தது. ஞாயிறுப் பாடத்துக்கு வந்த சின்னப் பிள்ளைகள் பலர் போய்விட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் வயதில் எங்கள் வகுப்புகளிலும் பிள்ளைகள் இருந்தார்கள். அந்தக் கிழமை எங்களுக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. பிறகு ஊரடங்கு, அவசரகாலச் சட்டம், முஸ்லிம் ஊர்களில் வீடு வீடாகத் தேடுதல். வீட்டில் இருந்த அறபுப் புத்தகங்களையே என்ன செய்வது என்று மக்கள் பயந்த நாட்கள். அப்படி ஒரு இரவு, எங்கள் அறை நண்பர்களில் ஒருவர் தன் பழைய லெப்டொப்பைத் திறந்து, கவுன்டர் ஸ்ட்ரைக் இருந்த ஃபோல்டரை அழித்தார். விடுதியில் வென்ற இரவுகளில் எடுத்த ஸ்க்ரீன்ஷொட்களும் அதோடு போயின. "யாரும் திறந்து பார்த்தா இந்தச் சொல்லுக்கு நான் என்ன விளக்கம் சொல்றது?" என்று பிறகு சொன்னார். விளையாட்டுத்தானே என்று நாங்கள் சொல்லவில்லை. நாங்களும் அழித்திருந்தோம்.

ஆறு வருடம் கழித்து, அதே மஞ்சள் சுவர் எங்கள் பாடசாலை லேப்பில்.

அன்றைக்கு நாங்கள் மூன்று ஆசிரியர்கள் கூடிப் பேசினோம். ஐ.சி.டி. டீச்சர் செங்கலடிதான். இன்னொரு சேர் கரடியனாற்றுப் பக்கமிருந்து கறுப்புப் பாலம் தாண்டி வருகிறவர். மற்றது ஏறாவூர். அதிபருக்கு எழுதுவோமா, பெற்றோரைக் கூப்பிடுவோமா என்று பேச்சு வந்தது. கரடியனாற்று சேர்தான் சொன்னார்: "முதல்ல பெடியன்கள் என்ன சொல்றாங்க எண்டு கேப்பம். மறுகா தண்டிப்பம்."

தமிழ்ப் பாடத்தில் விமர்சனம் எழுதப் படிப்பிக்கிறோம். புத்தகத்துக்கும் நாடகத்துக்கும் எழுதச் சொல்கிறோம். இந்த முறை இதுக்கு எழுதச் சொன்னோம். ஒரு பக்கம். நல்லது என்ன, கெட்டது என்ன, உண்மையை எழுது, புள்ளி வெட்ட மாட்டோம். விளையாடாத பிள்ளைகளும் எழுதலாம். 27 தாள்கள் வந்தன.

வாசித்துப் பார்த்தபோது, ஆண்டு இறுதிக் கட்டுரைகளில் கூட இவ்வளவு சொந்தமான தமிழை நாங்கள் கண்டதில்லை.

அநேகமானவர்கள் முதலில் எழுதினது காசு பற்றி. ஃப்ரீ ஃபயர் மாதிரி விளையாட்டுக்கு நல்ல போன் வேண்டும், டேட்டா வேண்டும், போன் அடுப்பு மாதிரிச் சூடாகும், பெயர்தான் ஃப்ரீ, டைமண்ட் வாங்காவிட்டால் மற்றவர்கள் கேலி செய்வார்கள். கவுன்டர் ஸ்ட்ரைக்கில் புதியது, 2023இல் வந்த இரண்டாம் பதிப்பு, விளையாட இலவசம்தான். ஆனால் 85 ஜி.பி. இடம் கேட்கும். "எங்கட லேப் கம்பியூட்டர முழுசா துடைச்சாலும் அவ்வளவு இடம் வராது" என்று ஒருத்தன் எழுதியிருந்தான். பழைய 1.6க்கு இது ஒன்றும் வேண்டாம். கிராஃபிக்ஸ் கார்ட் வேண்டாம், இணையம் வேண்டாம், ஒரு கேபிள் போதும். ஒரு மாணவன் எழுதியது: "இந்த விளையாட்டில் காசுக்காரனும் நானும் ஒரே துவக்கோடு நிற்கிறோம்."

அடுத்தது, செத்தால் என்ன என்பது. ஃப்ரீ ஃபயர் விளையாடிப் பழகியவன் கண்டபடி ஓடுவான். இதில் ஓடினால் கால் சத்தம் எதிரிக்குக் கேட்கும். மெதுவாக நடக்க வேண்டும். செத்தால் அந்த ரவுண்ட் முடியும் வரை எழும்ப முடியாது, மற்றவன் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். இது பிடிக்கவில்லை என்று ஐந்து பேர் எழுதியிருந்தார்கள். இதுதான் பிடிக்கும் என்று ஒருத்தன் எழுதியிருந்தான்: "பார்த்துக்கொண்டு இருக்கும்போதுதான் நான் விட்ட பிழை தெரியும்." வகுப்பில் ஒரு நாளும் வாய் திறக்காத பிள்ளை அது.

காசுக் கணக்கு இன்னொன்று. முதல் ரவுண்டில் எல்லோருக்கும் 800 டொலர். வென்றால் கூடக் கிடைக்கும், தோற்றால் குறைவாகக் கிடைக்கும். ஏ.கே. 2,500, மற்றப் பக்கத்தின் எம் 4 3,100. தோற்றுக்கொண்டு இருக்கிற அணி ஒரு ரவுண்டில் ஒன்றும் வாங்காமல் எல்லோரும் சேர்த்து வைத்தால்தான் அடுத்த ரவுண்டில் சமமாக நிற்கலாம். ஒருத்தன் மட்டும் ஆசைப்பட்டு வாங்கினால் ஐந்து பேரும் தோற்பார்கள். இதை வாசித்த எங்கள் வணிகப் பாட ஆசிரியை சிரித்துவிட்டு, "நான் ஒரு தவணையா சொல்லிக் குடுத்தது இதுதானே" என்றா.

குறைகளும் எழுதினார்கள். படம் பழையது, முகம் பெட்டி மாதிரி இருக்கிறது, தோற்றால் சில பேர் கெட்ட வார்த்தை பேசுகிறார்கள், தூரத்தில் இருந்து சுடுகிற பெரிய துவக்கை ஒருத்தனே பிடித்துக்கொள்கிறான். ஒரு மாணவியின் தாள் இப்படித் தொடங்கியது: "எனக்கு இந்த விளையாட்டைப் பற்றி ஒரு கருத்தும் இல்லை. லேப்பைப் பற்றி இருக்கிறது." எட்டுக் கணினியையும் பெடியன்கள் பிடித்துக்கொள்வதால் பிள்ளைகள் ஏழு பேரின் ஐ.சி.டி. செயல்திட்டம் பாதியில் நிற்கிறது என்று திகதி போட்டு எழுதியிருந்தா. அதை வாசித்து வெட்கப்பட்டது நாங்கள். அது எங்கள் கண்ணில் படவில்லை.

இரண்டு தாள்களை மட்டும் நாங்கள் மூவரும் திரும்பத் திரும்ப வாசித்தோம்.

ஒன்று, வீட்டில் அண்ணாவின் கணினியில் இதை விளையாடுகிற பிள்ளை எழுதியது. ஸ்பீக்கரில் சத்தம் வைத்து விளையாடியிருக்கிறான். பின்னேரம். அம்மம்மா குசினியில் இருந்து எழும்பி வந்து ஒன்றும் பேசாமல் முன்கதவைப் பூட்டி, லைட்டை நிறுத்தி, அவனுடைய கையைப் பிடித்து நிலத்தில் இருத்தினாவாம். கேம் என்று சொல்லி விளங்க வைக்கக் கொஞ்ச நேரம் எடுத்ததாம். "அன்றிலிருந்து நான் சத்தம் இல்லாமல்தான் விளையாடுகிறேன். கால் சத்தம் கேட்காததால் அடிக்கடி சாகிறேன். பரவாயில்லை" என்று முடித்திருந்தான்.

லேப்பில் ஸ்பீக்கர் வயர் ஏன் கழன்று கிடந்தது என்று அப்போதுதான் விளங்கியது. எங்களுக்குப் பயந்து கழற்றினார்கள் என்று நினைத்திருந்தோம். பாடசாலை மதிலுக்கு அந்தப் பக்கம் வீடுகள். வயதானவர்கள் இருக்கிறார்கள். அதை யோசித்துக் கழற்றியவர்கள் 15 வயதுப் பெடியன்கள்.

மற்றத் தாள் பெயரைப் பற்றியது. அப்படியே எழுத முடியாது, பிள்ளையின் அனுமதியோடு சுருக்கிச் சொல்கிறோம். ஏறாவூரில் இருந்து ரியூஷனுக்கு வருகிற இரண்டு முஸ்லிம் பெடியன்களும் இவர்களோடு சேர்ந்து விளையாடுவார்கள். ஒரு நாள் பக்கம் பிரிக்கும்போது அவர்களில் ஒருவனுக்கு டெரரிஸ்ட் பக்கம் விழுந்தது. யாரோ ஒருவன், "அது உங்களுக்குச் சரிதானே" என்று பகிடி விட்டிருக்கிறான். அந்தப் பெடியன் திருப்பி, "உங்களுக்கும் இருந்த பேர்தானே" என்று சொல்லியிருக்கிறான். அதோடு விளையாட்டு நின்றது. இரண்டு பேரும் ஒரு கிழமை வரவில்லை.

இதை எழுதியவன்தான் பகிடி விட்டவன்.

எங்கள் பிரதேசத்தில் இருக்கிறவர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று செங்கலடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2019க்குப் பிறகு அதே சட்டத்தில் முஸ்லிம் பிள்ளைகள் போனார்கள். 1990 ஓகஸ்டில் ஏறாவூரில் என்ன நடந்தது, அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் என்ன நடந்தது என்பதும் தெரியும். இரண்டு பக்கமும் மற்றப் பக்கத்தின் மையித்தை எண்ணாமல் தன் மையித்தை மட்டும் எண்ணிப் பழகிய ஊர் இது. அந்தப் பெடியன்கள் இரண்டு பேரும் சொன்ன வசனம் அவர்களுடையது இல்லை. வீட்டிலும் சந்தியிலும் பெரியவர்கள் பேசக் கேட்டது. நாங்களும் அந்தப் பெரியவர்களில் சேர்த்திதான்.

விளையாட்டுக்குள்ளும் அது இருக்கிறது. 1.6இல் கவுன்டர் டெரரிஸ்ட் பக்கம் போனால் அமெரிக்க, பிரித்தானிய, ஜேர்மன், பிரெஞ்சு நாட்டு உண்மையான படைப்பிரிவுகளின் பெயர்களில் ஒன்றைத் தெரிவு செய்யலாம். மற்றப் பக்கத்தில் வருகிற குழுக்களில் ஒன்றை மத்திய கிழக்கு அடிப்படைவாதிகள் என்று அறிமுகப்படுத்தியிருப்பார்கள். டஸ்ட் டூவின் சுவரும் வாசலும் பாலைவன ஊர் ஒன்றின் சாயல். விடுதியில் நூறு தடவை அந்தப் பக்கத்தைக் கடந்து போனோம். முஸ்லிம்களான நாங்களே வாசிக்கவில்லை.

அந்தத் தாளின் கடைசிப் பந்தி இது: "பிறகு நாங்கள் போய் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தோம். இப்போது டெரரிஸ்ட் என்று யாரும் சொல்வதில்லை. ஒரு பக்கம் வடசேரி, மற்றப் பக்கம் தென்சேரி. இது என் அப்பப்பா சொன்னது."

வடசேரி, தென்சேரி கொம்புமுறி விளையாட்டின் பெயர்கள். கண்ணகி அம்மனுக்காக மட்டக்களப்புத் தமிழ் ஊர்களில் ஊரையே இரண்டாகப் பிரித்து, வளைந்த கொம்புகளை ஒன்றில் ஒன்று மாட்டி, வடம் கட்டி இழுப்பார்கள். யாருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றவர்கள். தோற்றவர்களைப் பாட்டுப் பாடிக் கேலி செய்வார்கள். முடிந்த பிறகு எல்லோரும் ஒரே ஊர்தான். அது எங்கள் மார்க்கத்துச் சடங்கு இல்லை. ஆனால் பகையில்லாமல் இரண்டாகப் பிரிந்து நிற்க இந்த மண்ணில் ஒரு பழைய வழி இருந்தது என்பதை ஒரு 15 வயதுப் பிள்ளை அப்பப்பாவிடம் கேட்டு எடுத்து வந்து, ஏறாவூர்ப் பெடியனிடம் கொடுத்திருக்கிறான். நாங்கள் மூன்று பட்டம், டிப்ளோமா வைத்திருக்கிற ஆசிரியர்கள் யோசித்திருந்தால் ஒரு அறிவுரைதான் வந்திருக்கும்.

சரி, முடிவு என்ன என்று கேட்பீர்கள்.

லேப்பில் இருந்து கவுன்டர் ஸ்ட்ரைக்கை எடுத்துவிட்டோம். அதற்கு இரண்டு காரணம், பெடியன்களிடம் நேராகச் சொன்னோம். ஒன்று, அந்த மாணவி எழுதியது சரி. லேப் படிக்கிற பிள்ளைகளுக்கு. இரண்டு, பென் ட்ரைவில் கைமாறி வந்தது திருட்டுப் பிரதி. ஸ்டீமில் அதன் விலை 9.99 டொலர், ஏறத்தாழ 3,000 ரூபா. காசு இல்லை என்பதற்காக அடுத்தவன் உழைப்பை எடுப்பது ஹறாம் என்று நாங்கள் சொன்னபோது, ஒருத்தன் "சேர், நீங்க விடுதியில வாங்கியா விளையாடினீங்க?" என்று கேட்டான். இல்லை என்றோம். அதற்கு மேல் அவனும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

இதற்குப் பதிலாக அசோல்ட் கியூப் என்ற விளையாட்டைக் காட்டினோம். உண்மையிலேயே இலவசம். சின்னது, பழைய கணினியிலும் ஓடும், கேபிளில் சேர்ந்து விளையாடலாம். பக்கங்களுக்கு சி.எல்.ஏ., ஆர்.வி.எஸ்.எஃப். என்று யாரையும் நோகாத கற்பனைப் பெயர்கள். பெடியன்களின் கருத்து: வேகம் கூட, காசு சேர்க்கிற கணக்கு இல்லை, குண்டு வைக்கிற வேலை இல்லை, டஸ்ட் டூ இல்லை. ஆனாலும் பரவாயில்லையாம். பத்துக்கு ஆறு கொடுத்திருக்கிறார்கள். இதிலும் பக்கத்தை வடசேரி, தென்சேரி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

சனிக்கிழமை பின்னேரம், அஸருக்குப் பிறகு மஃரிபுக்கு முன், ஒன்றரை மணித்தியாலம், ஒரு ஆசிரியரின் வீட்டு விறாந்தையில். நாலு நிபந்தனை. பக்கம் சீட்டுக் குலுக்கித்தான் பிரிக்க வேண்டும், ஊர் பார்த்துச் சேரக் கூடாது. கெட்ட வார்த்தை பேசினால் அன்றைக்கு வீட்டுக்கு. காசு வைத்து ஒன்றும் இல்லை. புதிய கவுன்டர் ஸ்ட்ரைக்கில் பெட்டி திறந்து துவக்குக்கு வர்ணம் எடுக்கிற வியாபாரம் 2013இல் தொடங்கியது, ஒரு சாவி இரண்டரை டொலர், உள்ளே என்ன வரும் என்று தெரியாது. 2018இல் பெல்ஜியம் இது சூதாட்டம் என்று சொல்லி, அங்கே நிறுத்த வைத்தது. நாங்கள் சூதாட்டம் என்று சொல்ல அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. நாலாவது நிபந்தனை, ஸ்பீக்கர் இல்லை.

இதையும் குறை சொல்கிறவர்கள் இருப்பீர்கள். துவக்குச் சத்தத்தில் வளர்ந்த ஊரில் பிள்ளைகளுக்குத் துவக்கு விளையாட்டா என்று கரடியனாற்று சேரே இன்னும் கேட்கிறார். அவர் சனிக்கிழமை வருவதில்லை. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அவர் பார்த்ததை நாங்கள் பார்க்கவில்லை. எங்களிடம் முழுப் பதில் இல்லை. பிள்ளைகள் எப்படியும் விளையாடப் போகிறார்கள், தனியாகப் போனில் விளையாடுவதை விட, பக்கத்தில் இருக்கிறவனின் முகத்தைப் பார்த்து விளையாடட்டும் என்பது மட்டும்தான் எங்கள் பக்கத்து வாதம். பிழை என்றால் சொல்லுங்கள், கேட்கிறோம்.

போன சனிக்கிழமை ஏறாவூர்ப் பெடியன்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். பகிடி விட்டவனும் அவனும் சீட்டில் ஒரே பக்கம் விழுந்தார்கள். தென்சேரி. தோற்றுப் போனார்கள். யாருடைய பிழை என்று கடப்பு வரை சண்டை பிடித்துக்கொண்டே போனார்கள்.

இப்போது எங்கள் கேள்வி. உங்கள் பிள்ளை என்ன விளையாடுகிறான் என்று தெரியுமா? போனைப் பறிக்க முதல், அதில் என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதினதைக் கோபப்படாமல் வாசியுங்கள்.

உதவி இதுதான். எங்களிடம் இருக்கிறது மூன்று ஹெட்செட், எட்டுப் பிள்ளைகள். கட்டார், சவூதி, லண்டன், கனடாவில் இருக்கிற உறவுகள் யாரிடமாவது பாவித்த, வயர் உள்ள ஹெட்செட் சும்மா கிடந்தால், ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்து விடுங்கள். காசு வேண்டாம், பொருளாகவே தாருங்கள். உள்பெட்டியில் தொடர்பு கொள்ளுங்கள். அம்மம்மாவின் வீட்டுக்கு ஒன்று முதலில் போகும்.

துஆக்களில் எங்கள் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.